குதிரையின் வாயும் நமது உவமைகளும்

விலைவாசிக்குக் கடிவாளம், நாவுக்குக் கடிவாளம், அதிகாரத்துக்குக் கடிவாளம் என்று நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறோம். நாளிதழ்த் தலையங்கம் முதல் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முன்னுரை வரை இந்த உவமை நுழையாத இடம் இல்லை. போதாக்குறைக்கு, "கடிவாளம் கட்டிய குதிரையைப் போல் இடம் வலம் பாராமல் இலக்கை நோக்கி ஓடு" என்று மாணவர்களுக்கு அறிவுரையும் வழங்குகிறோம். இந்தக் கடைசி வாக்கியத்தை நாமே வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டுதான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் குதிரையை இடம் வலம் பாராமல் தடுப்பது கடிவாளம் அன்று. கண்ணுக்குப் பக்கத்தில் கட்டப்படும் கண்பட்டை. கடிவாளம் கண்ணை மறைப்பதில்லை. அதன் வேலை முழுவதும் வாய்க்குள் நடக்கிறது.

இது சிறு பிழைதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். பிழை சிறிதுதான். அதன் பின்னால் இருக்கும் மனப்பழக்கம் சிறிதன்று. ஒரு கருவியைக் கண்ணால் பாராமலே அதை உவமையாக்கிப் புழங்கும் மொழிப்பழக்கம் அது. கடிவாளம் என்றால் அடக்குவது என்ற ஒன்றை மட்டும் நாம் அறிந்திருக்கிறோம். செருப்பைப் போல, மூக்குக் கண்ணாடியைப் போல, அளவு பார்த்துப் பொருத்த வேண்டிய பொருள் அது என்பது நம் உவமைகள் எவற்றிலும் இல்லை. பொருந்தாத இரும்பை வாயில் திணித்து, வலி தாளாமல் குதிரை தலையை உதறினால், அதைக் குதிரையின் திமிர் என்று பெயரிட்டு முடித்துவிடுகிறோம். இந்தப் பார்வையை வளர்த்ததில் தமிழிலக்கியக் கல்விக்கும் பங்குண்டு என்பதே நமது வழக்கு.

வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு வைகாசியில் நயினார்கோவிலுக்கு நாகநாதரை வழிபடச் சென்றிருந்தோம். பரமக்குடியைத் தாண்டிச் சீமைக்கருவேலங் காடுகளுக்கும் வறண்ட கண்மாய்களுக்கும் நடுவே போகிற வழி அது. அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இருக்கிறார். வேளாண்மையோடு, வண்டிப் பந்தயத்துக்கென ஒரு குதிரையும் வளர்க்கிறார். கத்தியவார் கலப்பு என்று சொல்லி அவருக்கு விற்கப்பட்ட ஆண் குதிரை. உச்சியில் உள்நோக்கி வளைந்த காதுகளைப் பார்த்தால் அந்தப் பேச்சில் உண்மை இருக்கலாம் என்றே தோன்றியது.

நாம் போன நேரத்தில் அந்தத் தோட்டத்தில் ஒரு சிறு கூட்டம் கூடியிருந்தது. மாணவர் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு மேனாட்டுக் கடிவாளம் ஒன்றை வரவழைத்திருந்தார். அமெரிக்கத் திரைப்படங்களில் மாடு மேய்ப்போர் குதிரைக்குப் பூட்டுவார்களே, அந்த வகை. பழுப்புத் தோலில் பூவேலை, வெள்ளிபோல் மின்னும் பொத்தான்கள், வாயின் இருபுறமும் நீண்டு தொங்கும் வளைந்த இரும்புத் தண்டுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. குதிரையோ தலையை வானத்துக்கும் நிலத்துக்குமாக வீசிக்கொண்டிருந்தது. வாய் முழுதும் பிளந்திருந்தது. நாக்கை இரும்புக்கு மேலே போட்டுவிட முயன்றுகொண்டே இருந்தது. கடைவாயில் வழிந்த நுரையில் இளஞ்சிவப்பு கலந்திருந்தது.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினர். சுழி சரியில்லை என்றார் ஒருவர். இன்னும் இழுத்துக் கட்டினால் அடங்கும் என்றார் மற்றொருவர். திமிர் பிடித்த குதிரை, விற்றுவிடு என்றார் மூன்றாமவர். நமக்கோ "அடங்காப் பரி" என்ற தொடர்தான் மனத்தில் ஓடியது. தமிழ் படித்ததன் பயன் அவ்வளவே!

பரமக்குடியில் பல ஆண்டுகள் ஜட்கா ஓட்டிய முதியவர் ஒருவர் அங்கே திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து, எதுவும் பேசாமல் கடிவாளத்தைக் கழற்றினார். குதிரையின் கடைவாயில் கட்டைவிரலை நுழைத்து வாயைத் திறந்து, நம்மைப் பக்கத்தில் அழைத்தார்.

"வாத்தியாரய்யா, இங்கன பாருங்க. முன்பல்லுக்கும் கடவாப்பல்லுக்கும் நடுவுல பல்லில்லாத எடம் கிடக்கா? இரும்பு உக்காருற எடம் இதுதான். வெறும் தோலும் எலும்பும். இதுல போயி அரைச்சா குருதை என்னய்யா செய்யும்?"

ஈறு கன்றிப் போயிருந்தது. ஒரு பக்கம் தோல் பிளந்திருந்தது. நாற்பது வயதைக் கடந்த தமிழ் விரிவுரையாளராகிய நாம் ஒரு குதிரையின் வாய்க்குள் பார்த்தது அன்றுதான் முதன்முறை. அதற்கு முன் எத்தனை ஆயிரம் முறை கடிவாளம் என்ற சொல்லைச் சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு முதியவர் செய்ததுதான் நமக்குப் பாடம். ஒரு வேப்பங்குச்சியைச் சீவி வழவழப்பாக்கினார். இரும்பு கிடக்க வேண்டிய இடத்தில் அதை வாய்க்குக் குறுக்கே வைத்து, இரு உதடுகளின் ஓரத்திலும் நகத்தால் கீறி அடையாளமிட்டு வெளியே எடுத்தார். அளந்து பார்த்தபோது நாலேகால் அங்குலம் இருந்தது. மேனாட்டுக் கடிவாளத்தின் வாயிரும்போ ஐந்து அங்குலம். அமெரிக்கக் குதிரைகளுக்கு அதுவே பொதுவான அளவு. வாயகலத்தைவிடக் கால் அங்குலம், மிஞ்சினால் அரை அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். முக்கால் அங்குலம் மிகுந்தால் இரும்பு ஒரே இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் நகர்கிறது. நாக்குக்கு இடம் விடுவதற்காக அந்த இரும்பின் நடுவே செய்யப்பட்டிருக்கும் வளைவு நாக்கின்மேல் நில்லாமல் விலகி, அதன் விளிம்பு ஈற்றெலும்பின்மேல் ஏறி அமர்கிறது.

அகலம் மட்டுமன்று, நீளமும் பொருந்தவில்லை. கன்னத்தில் ஓடும் வாரைக் கடைசித் துளைவரை சுருக்கியும் வாயிரும்பு தாழ்ந்தே தொங்கியது. ஆண் குதிரைக்குப் பல்லில்லாத அந்த இடைவெளியிலேயே கோரைப்பல் முளைத்திருக்கும். தாழ்ந்த இரும்பு ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பல்லில் மோதியது. நெற்றிப்பட்டை ஒன்றுதான் குறுகலாக இருந்தது. நேரான காதுகொண்ட குதிரைக்கு வெட்டப்பட்ட தோல், வளைந்த காதின் அடியை இறுக்கிப் பிடித்தது. ஆக, அந்தக் குதிரை தலையை உதறியதற்குக் குறைந்தது மூன்று நியாயமான காரணங்கள் இருந்தன. சுழி அவற்றுள் ஒன்றன்று.

பொருந்திய கடிவாளம் என்றால் என்ன? நூல்களைப் புரட்டியும் குதிரை வளர்ப்போரைக் கேட்டும் நாம் தெளிந்துகொண்டவற்றை வாசகர்களுக்காகத் தொகுத்துச் சொல்கிறோம். வாயிரும்பு கடைவாயைத் தொட்டு, அங்கே தோலில் ஒரு சுருக்கமோ இரண்டு சுருக்கங்களோ விழும் அளவில் நிற்க வேண்டும். சுருக்கமே இல்லையென்றால் இரும்பு தாழ்ந்திருக்கிறது. மூன்று நான்கு விழுந்தால் குதிரை ஓயாமல் இளித்தபடி நிற்கிறது என்று பொருள். தொண்டைக்கடியில் போகும் வாருக்கும் தாடைக்கும் நடுவே நான்கு விரல்கள் நுழைய வேண்டும். இல்லாவிடில் கழுத்தை மடக்கும்போது மூச்சு முட்டும். நெற்றிப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல்கள் எளிதில் போய்வர வேண்டும். தண்டு வைத்த கடிவாளமானால், மோவாய்க்குக் கீழே ஓடும் சங்கிலிக்கும் தோலுக்கும் நடுவிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இவ்வளவுதான் செய்தி. ஒரு குச்சி, நான்கு விரல்கள், சற்றுப் பொறுமை. வேறு கருவி எதுவும் தேவையில்லை.

அளவு சரியாக இருந்தாலும் பயன்பாடு பொருந்தாவிட்டால் கேடுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேற்கத்திய முறை எனப்படும் அமெரிக்கச் சவாரி, மெக்சிகோவில் குடியேறிய ஸ்பானிய மாடு மேய்ப்போரிடமிருந்து வளர்ந்தது. அம்முறையில் வாரைத் தளர்வாக ஒரே கையில் பிடிப்பார்கள். கழுத்தில் வார் உரசும் குறிப்பைக் கொண்டே குதிரை திரும்பும். அப்படித் திரும்புவதற்கு அதனை ஆண்டுக்கணக்கில் பழக்குவார்கள். அதன் பின்னரே தண்டு வைத்த இரும்பு வாய்க்குள் போகும். அந்தத் தண்டு ஒரு நெம்புகோல். வாயிரும்புக்குக் கீழே உள்ள பகுதி மேலே உள்ள பகுதியைப் போல் மூன்று மடங்கு நீளமென்றால், கையின் இழுப்பு மும்மடங்குக்குக் குறையாமல் வாயிலும் மோவாயிலும் இறங்கும். அதனால்தான் அங்கே வாரை இழுக்காமலிருப்பது தேர்ச்சியின் அடையாளமாகக் கருதப்படுகிறது. நம் பந்தய வண்டிக்காரரோ இரண்டு கைகளாலும் வாரை முறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறார். ஓட்டத்தின் இயல்பு அப்படி. தளர்ந்த கைக்கென்று செய்த நெம்புகோலை இறுகிய கையில் கொடுத்தால், அது தாடையைப் பெயர்க்கும் கடப்பாரையாகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேனாட்டுக் கடிவாளம் என்று நாம் வாய்பிளக்கும் இப்பொருள்களில் பல கான்பூரில் செய்யப்படுபவை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படைக்குச் சேணமும் வாரும் செய்யத் தொடங்கிய நகரம் அது. இன்றும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் குதிரைத் தோற்பொருள்களை அனுப்புகிறது. கான்பூர்ச் சேணப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுத் தொழிலாளியின் கை, அயல்நாட்டுக் குதிரையின் தலையளவைப் பிசகாமல் வெட்டுகிறது. நம் நாட்டுக் குதிரையின் தலையளவைக் கேட்டு வாங்குவாரில்லை. கேட்காதவனுக்கு யார் வெட்டித் தருவார்?

இனி நம் துறைக்கு வருவோம். பழந்தமிழில் கடிவாளத்துக்குக் கலினம் என்றொரு பெயர் உண்டு. வடமொழிக் கலீனத்திலிருந்து வந்த சொல் அது. வடமொழிக்கோ அது கிரேக்கத்திலிருந்து சென்றது என்பது மொழிநூலார் துணிபு. முல்லைப்பாட்டில் யவனரோடு சேர்ந்து வரும் மத்திகை என்ற சவுக்கின் பெயரையும் அறிஞர் சிலர் கிரேக்கத்தோடு இணைத்துப் பார்ப்பர். அப்படியானால் மேனாட்டுக் கடிவாளம் நேற்று இணைய வணிகத்தில் வந்த சரக்கன்று. அதன் பெயர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் காப்பிய மொழிக்குள் வந்து குடியேறிவிட்டது.

அதே கிரேக்க மொழியில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், செனஃபோன் என்னும் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வாயிரும்பை மிக மேலே இழுத்துப் பூட்டினால் கடைவாய் காய்த்து உணர்விழந்து போகும், மிகத் தாழவிட்டால் குதிரை அதைப் பல்லால் கவ்விக்கொள்ளும் என்று அந்நூலில் அவர் எச்சரிக்கிறார். பரமக்குடி முதியவர் தோட்டத்தில் நின்று சொன்னதும் இதையேதான். அந்த முதியவர் செனஃபோனைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. கலினம் என்ற சொல்லுக்கு வேர் தேடும் நாம்தான் அவரிடமும் கேட்கவில்லை, செனஃபோனிடமும் கேட்கவில்லை. சொல்லை வாங்கிக்கொண்டோம்; அளவை வாங்கிக்கொள்ளவில்லை.

குதிரை வந்து இறங்கிய கரை நம்முடையது என்பதால் இந்தக் குற்றச்சாட்டின் கனம் கூடுகிறது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் குறிக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, மாபார் நாட்டு மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்புகிறான், அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். குதிரையைப் பேணும் முறை இந்நாட்டாருக்குத் தெரியாது, குதிரை மருத்துவர் எவரும் இல்லை, விற்பனை குறைந்துவிடும் என்று வணிகர்கள் மருத்துவர்களை இங்கு வரவிடுவதுமில்லை என்பது அவர் கூற்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலையென்றும், கடலில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டதென்றும் கூறுகிறார். வாங்கிய குதிரைகளை நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்து, பழக்காமலும் அங்கவடி முதலிய சவாரிப் பொருள்கள் இல்லாமலும் ஏறி ஓட்டினர் என்பது அவர் தரும் செய்தி.

இவ்விரு குறிப்புகளையும் நம்மவர்கள் எதிர்கொள்ளும் விதம் கவனிக்கத்தக்கது. ஒரு சாரார், அயலான் புளுகினான் என்று ஒதுக்கிவிட்டுத் தமிழரின் குதிரைப்படைப் பெருமை பேசப் போய்விடுகிறார்கள். மற்றொரு சாரார், பாண்டியர் வாணிகத்தின் செழிப்புக்குச் சான்று என்று எண்களை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்கிறார்கள். போலோ மிகைப்படுத்தியிருக்கலாம். பயணிகள் மிகைப்படுத்துவது இயல்பு. ஆனால் எண்ணிக்கையை எவ்வளவு குறைத்தாலும், வந்த குதிரைகள் இங்கே அற்ப ஆயுளில் மாண்டன என்ற செய்தி எஞ்சி நிற்கிறது. பெருமை பேசுவோருக்கும் சிறுமை பேசுவோருக்கும் அந்தக் குதிரைகளின் சாவு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. பொன் கொடுத்து வாங்கத் தெரிந்த அரசுக்கு, வாங்கியதைப் பேணத் தெரிந்தவர்களை வரவழைக்கத் தோன்றாதது ஏன்? வரலாற்று வகுப்பில் எழுப்ப வேண்டிய வினா இது.

திருவிளையாடற் புராணத்தில் குதிரை கைமாறும் கட்டத்தை நினைவுகூர்வோம். வாதவூரருக்காக இறைவன் குதிரை வணிகனாக வந்து, பாண்டியனிடம் கயிறு மாறிக் குதிரைகளை ஒப்படைக்கிறான். கயிறு மாறிய பின் குதிரைக்கு நேர்வதெல்லாம் வாங்கியவனைச் சேர்ந்தது என்பதே அந்த வழக்கின் பொருள். மாட்டுச் சந்தைகளில் இன்றும் கயிறு கைமாறுகிறது. அன்றிரவு பரிகள் நரிகளானதைப் பேசிப் பேசி மகிழும் நாம், கயிறு மாறியதும் பொறுப்பும் மாறுகிறது என்ற எளிய அறத்தை அக்கதையிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. மாணவரின் குதிரையிலும் அதுதான் நடந்தது. விற்றவர் சுழி சொல்லி விற்றார். வாங்கியவர் சுழி பார்த்து வாங்கினார். எந்தச் சுழி அரசாளும், எந்தச் சுழி குடி கெடுக்கும் என்று ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. வாயகலம் எத்தனை அங்குலம் என்று கேட்ட ஒருவரைக்கூட அன்று காணோம்.

சிற்பத்தையும் விட்டுவைப்பதற்கில்லை. திருவரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகள், ஊர்தோறும் ஐயனார் கோவில் வாசலில் வேளார் கைவண்ணத்தில் நிற்கும் சுடுமண் புரவிகள் ஆகியவற்றைப் பார்க்கிறோம். பெரும்பாலும் வாய் திறந்து பல் தெரிய நிற்கின்றன. அதை வீரம் என்றும் வேகம் என்றும் கலை நூல்கள் வியக்கின்றன. நாமும் மாணவர்களை அழைத்துச் சென்று அப்படியே வியந்திருக்கிறோம். குதிரையோடு வாழ்ந்தவரைக் கேட்டால், கடிவாளம் பூட்டிய குதிரை வாயைப் பிளப்பது பெரும்பாலும் இரும்பிலிருந்து தப்பிக்கும் முயற்சி என்பார். ஐரோப்பிய நகரச் சதுக்கங்களில் மன்னர்களைச் சுமந்து நிற்கும் வெண்கலக் குதிரைகளிலும் இதே பிளந்த வாயைக் காணலாம். ஆகவே இது நமக்கு மட்டும் உரிய குற்றமன்று. சிற்பிகள் கண்டதைச் செய்திருக்கவும் கூடும். கண்டதை வலி என்று படிக்காமல் வீரம் என்று படித்தது நம் குற்றம்.

தமிழுக்கு இந்தக் கண் என்றுமே இருந்ததில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கலித்தொகையின் மருதக்கலியில் ஒரு பாட்டு உண்டு. பரத்தையிடம் போய்வந்த தலைவன், குதிரையேறி வருகிறேன் என்று பொய் சொல்கிறான். தலைவி அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு, பரத்தையின் கூந்தலையும் காதணியையும் மேகலையையும் ஒன்றொன்றாகக் குதிரையின் அணிகலன்களோடு பொருத்திக் காட்டுகிறாள். வல்லிகை, புல்லிகை, கண்டிகை என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. எது குதிரையின் எந்த இடத்தில் இருக்கும் என்பது தெரியாத புலவரால் அப்படிப் பாட முடியாது. அங்கே உவமை பார்வையிலிருந்து பிறந்தது. நம் காலத்து உவமை அகராதியிலிருந்து பிறக்கிறது. நாம் அந்தப் பாட்டை நடத்தும்போது இச்சொற்களுக்கெல்லாம் குதிரை அணி வகை என்று ஒரே உரை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மறுப்புகளையும் எண்ணிப் பார்த்தோம். வறுமையில் உழலும் வண்டிக்காரனிடம் அங்குலக் கணக்குப் பேசுவது படித்தவர்களின் சொகுசு என்பது முதல் மறுப்பு. வேப்பங்குச்சிக்கு விலை கிடையாது என்பதே நம் மறுமொழி. பொருந்தாத பூவேலைத் தோலுக்கு மாணவர் கொடுத்த பணம்தான் சொகுசு. இன்னொன்றும் சொல்லலாம்: வாய்ப்புண்ணால் தீனி எடுக்காத குதிரையால் முதலில் பசிப்பது வண்டிக்காரன் வீட்டில்தான்.

மேனாட்டுப் பொருளே வேண்டாம், நம் மரபுப் பொருளே போதும் என்பது இரண்டாம் மறுப்பு. மரபு என்ற பெயரில் வாயிரும்பில் முள் வைத்துப் பூட்டும் வழக்கமும் இந்நாட்டில் இருக்கிறது. வண்டி இழுக்கும் விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் கொடுமை நேராமல் தடுப்பதற்காக 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகள், முள்ளும் புடைப்பும் கொண்ட கடிவாளங்களைத் தடை செய்கின்றன. இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயில் அந்த முள்ளைக் காண்பவர்கள் காண்கிறார்கள். குதிரைக்கு மேனாடு என்றும் கீழ்நாடு என்றும் இல்லை. பொருந்துவது, பொருந்தாதது என்ற இரண்டே உண்டு.

இலக்கிய வாசகர்களுக்கு இதனால் ஆவதென்ன என்பது மூன்றாம் மறுப்பு. நாம் மிகவும் பொருட்படுத்துவது இதையே. வார், சேணம், லாடம், அங்கவடி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்துப் புழங்கிய தொழில் ஒன்று நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. ஜட்காக்களோடு அந்தச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. சிறுகதையில் குதிரை வந்தால் பிடரி சிலிர்க்கிறது, கனைக்கிறது, புழுதி கிளப்புகிறது. அதற்கு மேல் எழுத்தாளரிடம் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் பார்வையும் இருப்பதில்லை. பார்வை இல்லாதவன் கையில் வாரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறோம்.

ஆகவே நாம் கேட்பவை சில. தமிழ்த் துறைகள் வட்டார வழக்குச் சொல் திரட்டும்போது, இன்னும் உயிரோடிருக்கும் பழைய வண்டிக்காரர்களிடமும் தோல் தொழிலாளர்களிடமும் போய்க் குதிரைச் சொற்களைப் படத்தோடு திரட்ட வேண்டும். கண்பட்டையையும் கடிவாளத்தையும் குழப்பும் சொற்றொடரைப் பாடநூல்களிலும் மேடைகளிலும் நிறுத்த வேண்டும். பந்தயம் நடத்தும் விழாக் குழுவினர், வண்டி எல்லைக் கோட்டுக்கு வருமுன் குதிரையின் வாயைத் திறந்து பார்க்க ஒருவரை அமர்த்த வேண்டும். இவற்றுக்கு அரசாணை தேவையில்லை. வெட்கம் இருந்தால் போதும்.

மாணவர் அந்தப் பூவேலைக் கடிவாளத்தை ஆணியில் மாட்டிவைத்துவிட்டார். பரமக்குடியில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர், குதிரையின் தலையை நூல் பிடித்து அளந்து, எளிய வார் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். தண்டு இல்லாத, இருபுறமும் வளையம் வைத்த வழவழப்பான நாலரை அங்குல வாயிரும்பு முதியவர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. புண் ஆறும் வரை குதிரையின் வாயில் எதையும் பூட்டக் கூடாது என்பது அவர் இட்ட கட்டளை. மூன்று வாரம் கழித்துப் பேசியபோது, "ஐயா, இப்ப தலைய ஆட்டல. ஆனா கைய வாய்ப்பக்கம் கொண்டு போனா மட்டும் ஒதுங்குது" என்றார் மாணவர்.

அந்த ஒதுங்கல் எத்தனை நாளில் மாறும் என்று முதியவரிடம் கேட்கச் சொன்னோம். குதிரையைத்தான் கேட்கணும் என்றாராம்.

நாம் இப்போது வகுப்பில் அந்த உவமையைச் சொல்வதில்லை. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் தாராளமாக மறுக்கட்டும். மறுப்பதற்கு முன் ஒருமுறை, அருகில் எங்கேனும் நிற்கும் குதிரையின் கடைவாயைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டுமே நமது வேண்டுகோள்.